மூச்சால் ஓடும் கடிகாரம்

பொங்கலுக்கு முந்தைய வாரம் கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலம் போகிறவர்கள் ஃபிளெக்ஸ் பலகைகளைப் படித்துக்கொண்டே போகலாம். ‘மாபெரும் மின்னொளி கபாடிப் போட்டி’ என்பதுதான் பாதிப் பலகைகளில் இருக்கும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சுழற்கோப்பை, நுழைவுக் கட்டணம். பரிசு தருகிறவர்களின் முகம் ஆடுகிறவர்களின் முகத்தைவிட நான்கு மடங்கு பெரிதாக இருக்கும். ஊருக்கு ஒரு குழு, சில ஊர்களில் தெருவுக்கு ஒன்று. தலைவர்கள் பெயரில், நடிகர்கள் பெயரில், குலசாமி பெயரில். அலுவலகம் கிடையாது, பதிவேடு கிடையாது. ஒரே நிறத்தில் 12 பனியன், ஒரு விசில், கோடு போட அரை மூட்டை சுண்ணாம்பு, இவ்வளவுதான் சொத்து. ஆனாலும் அப்பன் ஆடிய குழுவில் மகன் ஆடுவான்.

நான் ஆடியவன் அல்லன். மைக் பிடிக்கிறவர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு புள்ளி எழுதியவன். புள்ளி எழுதுகிறவன் களத்தைக் கண்ணால் பார்ப்பதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். இரண்டு சீசன் எழுதிய பிறகுதான் எனக்கே தெரிந்தது, நான் பெரும்பாலும் காதால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று. புழுதி கிளம்பி ஏழு பேர் ஒருவன் மேல் விழுந்த பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ‘கபடி கபடி’ வந்துகொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா என்பதுதான் கேள்வி. நடுவர் குனிந்து காதைக் கொடுப்பார். ‘பாட்டு விட்டுட்டான்’ என்றால் முடிந்தது.

உலகத்தில் எத்தனையோ விளையாட்டு இருக்கிறது. ஆடுகிறவனின் மூச்சையே கடிகாரமாக்கி, அந்தக் கடிகாரத்தின் ஓசையை ஊருக்கே கேட்க வைத்தது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் மண்ணைப் பற்றிக் கொஞ்சம். விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். களிமண்ணின் சிறப்பு அதன் துகள் அளவில் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான, தட்டையான துகள்கள். ஈரம் பட்டால் சீட்டுக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், எந்த வடிவத்துக்கும் வளையும், காய்ந்தால் சுருங்கி இறுகும். பீங்கான்காரருக்கு இந்தக் குணம்தான் வேண்டும். கபடிக்காரருக்கு இதே குணம் பகை. களிமண் களம் நனைந்தால் வழுக்கும், காய்ந்தால் பாறையாகும், முழங்கை தோல் உரியும். அதனால்தான் போட்டிக்கு முன் களத்தைக் கொத்தி, கட்டி உடைத்து, கல் பொறுக்கி, மணல் கலந்து, சாயங்காலம் தண்ணீர் தெளித்து விடுகிறார்கள். மணல் பரல்கள் உருண்டை, ஒன்றின்மேல் ஒன்று உருண்டு காலடி அதிர்வை வாங்கிக்கொள்ளும். தெளித்த தண்ணீர் பரல்களுக்கு நடுவே மெல்லிய பாலம் கட்டி அவற்றைக் கொஞ்சம் சேர்த்துப் பிடிக்கும். கடற்கரையில் குழந்தை கட்டும் மணல் வீடு நிற்பதும் இதே பாலத்தால்தான். தண்ணீர் குறைந்தால் புழுதி, கூடினால் சேறு. நடுவில் இருக்கிற அந்த அளவைக் கையில் ஒரு பிடி மண்ணை அள்ளி அழுத்திப் பார்த்தே சொல்லும் பெரியவர்கள் ஊருக்கு ஒருவராவது உண்டு.

இப்போது பாட்டுக்கு வருவோம். எதிரணிக்குள் நுழைகிறவரை ‘பாடிச் செல்பவர்’ என்கிறோம். ரைடர் என்ற சொல் வந்து இவ்வளவு நாள் ஆன பிறகும் ‘அடுத்த பாட்டு யாரு?’ என்று கேட்கிற ஊர்கள் இருக்கின்றன. நடுக்கோட்டைத் தாண்டும் முன்பே பாட்டைத் தொடங்கிவிட வேண்டும். தெளிவாக, விடாமல், ஒரே மூச்சில் பாடிக்கொண்டே தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஏன் பாட வேண்டும்? மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்வந்தால் போதாதா?

போதாது. பிடித்த மூச்சு யாருக்கும் தெரியாது. களத்தின் மூலையில் ஒருவன் மூக்கால் அரை மூச்சு திருடினால் யார் கண்டுபிடிப்பது? ஆனால் குரல் என்பது வெளியே போகும் காற்று குரல்வளையின் சவ்வுகளை அதிர வைப்பதால் வருவது. காற்றை உள்ளே இழுக்கும்போது அந்தக் குரல் அறுந்துபோகும், அல்லது விக்கலும் விசும்பலும் போலக் கேட்கும். குரல் இருக்கிறது என்றால் காற்று வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத மூச்சைக் காதுக்குத் தெரியவைக்க ஒரு கருவியும் தேவைப்படவில்லை, ஒரு சொல் போதுமானதாக இருந்தது. யாரோ ஒரு விஞ்ஞானி உட்கார்ந்து யோசித்ததில்லை இது. மாட்டுக்காரப் பிள்ளைகள் கண்டுபிடித்திருப்பார்கள்.

சரி, எந்தச் சொல்? நம் பக்கத்துப் பழைய சொல் சடுகுடு. ஆந்திரத்தில் செடுகுடு, மராட்டியத்தில் ஹுதுது, வங்காளத்தில் ஹா-டு-டு. கபடி என்ற பெயர் ‘கை பிடி’யிலிருந்து வந்தது என்று மேடைதோறும் சொல்கிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது, நான் அதில் தலையிடவில்லை. எனக்குச் சுவை, சடுகுடு, கபடி என்ற இரண்டு சொற்களின் எழுத்துகளில். சடுகுடு: ச, ட, க, ட. கபடி: க, ப, ட. எல்லாமே வல்லினம்! ஒரு மெல்லினம் இல்லை, ஓர் இடையினம் இல்லை.

வல்லினம் பிறக்கும் இடம் மார்பு, மெல்லினத்துக்கு மூக்கு என்று நன்னூல் சொல்லும். இன்றைய ஒலியியல் வேறு விதமாக விளக்கும், ஆனால் நம் ஆட்டத்துக்கு இரண்டும் உதவுகின்றன. வல்லெழுத்தை உச்சரிக்கும்போது நாக்கோ உதடோ வாயின் வழியை ஒரு கணம் முழுசாக அடைக்கிறது. ‘ப’வுக்கு உதடு, ‘ட’வுக்கு வளைந்த நாக்கு, ‘க’வுக்கு நாக்கின் அடி. அடைபட்ட அந்தக் கணத்தில் காற்று வெளியேறுவதில்லை. ‘கபடி’ என்று ஒருமுறை சொன்னால் மூன்று முறை குழாயை மூடித் திறக்கிறோம். மாறாக ‘ஹ’ என்று சொல்லிப் பாருங்கள், தொண்டை திறந்து காற்று கொட்டும். ‘ம’ என்றால் வாய் மூடியிருந்தாலும் மூக்கு வழியாக ஒழுகும். போதாததற்கு, தமிழின் வல்லெழுத்துகளில் வடமொழியின் ‘gha’, ‘bha’ போன்ற மூச்சொலிகளும் இல்லை. மூச்சைச் சேமிக்க வேண்டியவன் தேர்ந்தெடுக்க வேண்டிய எழுத்து வல்லினம்தான். சடுகுடு என்று கத்தியவன் இலக்கணம் படித்துத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டான். நாக்குக்கு எது சிக்கனமோ அது நிலைத்திருக்கும்.

எவ்வளவு நேரம் பாட முடியும்? ஆழமாக இழுத்து முழுசாக விட்டால் ஒரு சராசரி ஆணின் நுரையீரலிலிருந்து நாலரை லிட்டர் காற்று வரும். இன்னும் ஒரு லிட்டருக்கு மேல் உள்ளேயே தங்கிவிடும், என்ன முயன்றாலும் வராது. இயல்பாகக் குரல் கொடுக்க நொடிக்கு ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் செலவாகும். வகுத்துப் பார்த்தால் 30 நொடி. பேச்சு மருத்துவர்கள் நோயாளியை ஒரே மூச்சில் ‘ஆ’ என்று இழுக்கச் சொல்லி நேரம் பார்ப்பார்கள். நல்ல உடம்புள்ள ஆண்கள் பெரும்பாலும் 20 முதல் 30 நொடிக்குள் நிற்பார்கள். இன்று கபடி விதியில் ஒரு பாட்டுக்கான நேரமும் 30 நொடிதான். கடிகாரம் கொண்டு வந்தவர்கள் நுரையீரல் போட்டு வைத்த எல்லையிலேயே கோடு கிழித்திருக்கிறார்கள்.

இதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனின் கணக்கு. நான் ஒரு முறை சோதித்துப் பார்த்தேன். உட்கார்ந்தபடி சடுகுடு சொன்னால் 24 நொடி வந்தது. பள்ளிக்கூடச் சுவரைத் தொட்டுவிட்டு ஓடிவந்து உடனே சொன்னால் ஏழில் நின்றுவிட்டேன். நுரையீரலின் அளவு அதேதான், காற்றும் அவ்வளவேதான். பிறகு எது தடுத்தது?

மூச்சு முட்டுவது ஆக்சிஜன் தீர்ந்ததால் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. ஓடும் தசை கரியமில வாயுவை உற்பத்தி செய்கிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டர் என்றால், கடுமையாக ஓடும்போது அது பத்து மடங்கைத் தாண்டும். அந்த வாயு ரத்தத்தில் கரைந்து அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. மூளையின் அடித்தண்டில் இருக்கும் உணரிகள் அந்த அமில மாற்றத்தை மோப்பம் பிடித்து ‘இழு, இழு’ என்று விரட்டுகின்றன. ஆக்சிஜன் இன்னும் போதுமான அளவு இருக்கும்போதே இந்த விரட்டல் தொடங்கிவிடுகிறது. பாடிச் செல்பவன் எதிரணியின் ஏழு பேரோடு மட்டும் மோதவில்லை. தன் கழுத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் எட்டாவது ஆளோடும் மோதுகிறான். பழக்கத்தால் நுரையீரல் பெரிதாகப் பெருத்துவிடாது. அந்த எட்டாவது ஆள் கத்துவதைச் சட்டை செய்யாமல் இருக்கத்தான் பழகிக்கொள்கிறோம்.

தசைக்கு ஆக்சிஜன் வேண்டாமா? முப்பது நொடிக்கு அது பெரிய கவலை இல்லை. தசைக்குள் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற கைச்சேமிப்பு இருக்கிறது. முதல் பத்து நொடி வரை பாய்ச்சலும் திமிறலும் பெரும்பாலும் அதில் நடக்கும். பிறகு சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்துச் சமாளிக்கும். கடன்தான், திரும்பி வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு மூச்சு வாங்கும்போது அடைபடும். எதிரணி பாட வரும் அந்த முப்பது நொடியில் சேமிப்பில் கணிசமான பங்கு திரும்பிவிடும். ஒரு பாட்டு நமக்கு, ஒரு பாட்டு அவர்களுக்கு என்ற முறை மாற்றம் நியாயத்துக்காக வந்தது. உடம்புக்கும் அது பொருந்திப்போனது.

இந்த ஆட்டத்தில் என்னை மிகவும் வியக்க வைப்பது வேறு. சாக்குமூட்டை தூக்குகிறவரைப் பாருங்கள். தூக்கும் கணத்தில் என்ன செய்கிறார்? தம் கட்டுகிறார். குரல்வளை மூடிக்கொள்கிறது, வயிற்றுத் தசை இறுகுகிறது, மூடிய பையில் அடைபட்ட காற்று நெஞ்சுக்கூட்டையும் முதுகெலும்பையும் உள்ளிருந்து முட்டுக்கொடுத்து நிறுத்துகிறது. காற்றடைத்த டயரின் விறைப்பு. பளு தூக்கும் வீரர்கள் இதைத் தனியாகப் பயிற்சி செய்கிறார்கள். நாம் கிணற்றில் வாளி இழுக்கும்போதும், நகராத பீரோவைத் தள்ளும்போதும் கேட்காமலே செய்கிறோம். முழு பலம் வேண்டுமென்றால் உடம்பு முதலில் மூடுவது குரல்வளையைத்தான்.

கபடியில் அது முடியாது. இடது கோடியில் இருப்பவன் கணுக்காலைப் பிடித்துவிட்டான், சங்கிலியாகக் கைகோத்த இருவர் இடுப்பில் விழுந்துவிட்டார்கள், நடுக்கோடு ஒரு முழத் தூரம். உடம்பு தம் கட்டச் சொல்கிறது. கட்டினால் பாட்டு நிற்கும், பாட்டு நின்றால் அவுட். ஆகக் குரல்வளையைத் திறந்து வைத்துக்கொண்டே திமிற வேண்டும், முட்டுக்கொடுக்கும் காற்று கசிந்துகொண்டே இருக்க. போதாக்குறைக்கு, நுரையீரலில் காற்று குறையக் குறைய அதைப் பிதுக்கித் தள்ளுவதும் அதே வயிற்றுத் தசைகள்தான். பாட்டுக்கும் அவைதான், இடுப்புப் பலத்துக்கும் அவைதான். ஒரே மாட்டை இரண்டு ஏரில் பூட்டுவது போல. பிடிப்பவர்களோ தாராளமாகத் தம் கட்டலாம், எத்தனை மூச்சு வேண்டுமானாலும் இழுக்கலாம். ஏழு பேருக்கு எதிராக ஒருவன் என்பது கண்ணுக்குத் தெரிகிற அநீதி. தெரியாத அநீதி இது. அந்த அநீதிதான் ஆட்டத்தின் உயிர்.

பிடிக்கிறவர்கள் நீண்ட காலம் ஆடுவதற்கும் இதில் கொஞ்சம் பங்கு இருக்குமோ என்று எனக்குத் தோன்றும். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன் 2016இல் புரோ கபடி லீக்கில் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கியபோது அவருக்கு வயது 41. அவர் கோடியில் நின்று கால் பிடித்தவர்.

மூச்சையே சுங்கமாகக் கேட்கும் விதி நமக்கு மட்டும் தோன்றியதா? கொஞ்சம் தொலைவில், ஆஸ்திரேலியாவில், ஒரு சித்தப்பா மகன் முறையான விதி இருக்கிறது. 1859 மே 17இல் மெல்பர்ன் நகரத்து விடுதி ஒன்றில் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரரும் அவர் நண்பர்கள் சிலரும் உட்கார்ந்து பத்து விதிகள் எழுதினார்கள். மெல்பர்ன் கால்பந்துக் குழுவுக்காக எழுதியவை. அதே ஆண்டு ஜீலாங் என்ற பக்கத்து ஊரிலும் ஒரு குழு பிறந்தது. இரண்டும் இன்றுவரை ஆடிக்கொண்டிருக்கின்றன. அந்த ஆட்டத்தில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். ஓட்டக்காரன் ஒருவன் பந்தை அணைத்துக்கொண்டு ஓடிவிட்டால் மற்றவர்கள் என்ன செய்வது? 1866இல் விதி போட்டார்கள்: ஐந்தாறு கஜத்துக்கு ஒருமுறை பந்தைத் தரையில் தட்டி எடுக்க வேண்டும். இன்று அது 15 மீட்டர். நீள்வட்டப் பந்து, தரையில் பட்டால் எந்தப் பக்கம் எழும் என்று அதற்கே தெரியாது. தட்டுகிற ஒவ்வொரு முறையும் ஓடுகிறவன் பந்தை இழக்கும் அபாயத்தை விலைகொடுக்கிறான். நம் ஆள் மூச்சால் கொடுக்கும் விலையை அவன் பந்தால் கொடுக்கிறான். வலியவனுக்கு ஒரு சுங்கம் போட்டு, அதை எல்லோர் கண்ணுக்கும் காதுக்கும் தெரியும்படி வசூலிப்பது. இரண்டு ஊரிலும் தோன்றிய யோசனை ஒன்றுதான்.

வேறுபாடு, அவர்கள் உடனே எழுதி வைத்தார்கள். நாம் எழுதி வைக்க இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின. அதுவரை ஆட்டம் ஊருக்கு ஊர் வேறு. ஒரு வகையில் அவுட்டானவன் தன் அணி ஒரு புள்ளி எடுத்தால் உயிர் பெற்று உள்ளே வருவான், அதற்கு சஞ்சீவனி என்று பெயர். இன்னொன்றில் அணி முழுவதும் சாகும்வரை யாரும் திரும்ப முடியாது. மூன்றாவதில் யாருமே சாவதில்லை, புள்ளி மட்டும் ஏறும், அது அமர். மகாராட்டிரத்தில் விதிகளை ஒழுங்குபடுத்தி, 1923இல் பரோடாவில் போட்டி நடத்தினார்கள். நிலைத்தது சஞ்சீவனி. காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. ஒரு தொடுகையில் எதிரணியில் ஒருவர் குறைகிறார், நம் அணியில் ஒருவர் கூடுகிறார். ஏழுக்கு மூன்று என்று கிடந்த ஆட்டம் இரண்டே பாட்டில் ஐந்துக்கு ஐந்து ஆகிவிடும். தோற்றுக்கொண்டிருப்பவனுக்கு எப்போதும் ஒரு வழி திறந்திருக்கும், எழுந்துபோகப் பார்வையாளனுக்கு மனம் வராது.

பிறகு வேகமாக நடந்தவை: 1936இல் பெர்லின் ஒலிம்பிக் நடந்தபோது அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் அங்கே ஆடிக் காட்டியது. 1950இல் அகில இந்தியக் கூட்டமைப்பு. 1952இல் ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி, அது நடந்தது சென்னையில். 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்க ஆட்டமானது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்றார். மணத்தி போன்ற கிராமங்களின் மண் களத்தில்தான் இந்தப் பட்டியல் தொடங்குகிறது. 2016 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் தென் கொரியா இந்தியாவை 34-32 என்று வென்றபோது நம் ஊர் டீக்கடைகளில் ஒரு நாள் முழுவதும் அதுதான் பேச்சு. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆண், பெண் இரண்டு தங்கமும் ஈரானுக்குப் போயின. கொரியரும் ஈரானியரும் பாடியதும் அதே மூன்று வல்லெழுத்துகள்தாம்.

2014இல் புரோ கபடி வந்தது. மண் போய் மெத்தென்ற பாய் வந்தது, வெறுங்கால் போய் ஷூ வந்தது. பாயில் ஷூ நன்றாகப் பிடிக்கும், அதனால் பாய்ச்சலும் திருப்பமும் கூர்மையாயின. பிடித்த ஷூ நழுவாததால் உடம்பு திரும்பும்போது முழங்கால் சவ்வு அந்த முறுக்கை வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மண்ணில் கால் வழுக்கி விழுந்தவன் சிராய்ப்போடு எழுந்துவிடுவான். இரண்டு வெறும் பாட்டுக்குப் பிறகு மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீர வேண்டும் என்ற விதி வந்தது. திரையின் ஓரத்தில் 30இலிருந்து இறங்கும் எண்கள் வந்தன. பாட்டு விதியில் இருக்கிறது. ஆனால் தொலைக்காட்சி பார்க்கிறவர் கண் எண்ணில்தான் இருக்கிறது, வர்ணனையாளரின் சத்தத்தில் பாட்டு கேட்பதே இல்லை. குறை சொல்லவில்லை. மூச்சுக் கடிகாரம் ஆளுக்கு ஆள் மாறும், டிஜிட்டல் கடிகாரம் மாறாது. பெரிய நெஞ்சுக்காரனுக்கும் சின்ன நெஞ்சுக்காரனுக்கும் ஒரே 30 நொடி. ஆனாலும் பழைய ஆட்டத்தில் ஒருவன் குரல் தேய்ந்து தேய்ந்து, கடைசிச் சொட்டில் ‘...படி... படி...’ என்று முணுமுணுப்பாகி, அதோடு கோட்டைத் தொடும்போது கூட்டமே தன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். இறங்கும் எண்ணுக்காக யாரும் மூச்சைப் பிடிப்பதில்லை.

நான் கடைசியாகப் புள்ளி எழுதிய வருடம், கால் இறுதி ஆட்டம், இரவு பதினொன்றைத் தாண்டியிருக்கும். ஒரு பையன் பாட்டில் போயிருந்தான், கோடிக்கும் நடுவுக்கும் இடையில். டக்கென்று விளக்கு போய்விட்டது. கும்மிருட்டு. மைக் செத்தது, மேசைமேல் இருந்த கடிகாரமும் செத்தது. கூட்டம் ‘ஓ’வென்று கத்தி அடங்கியது. அடங்கிய பிறகு கேட்டது, ‘கபடி கபடி கபடி’. பையன் நிறுத்தவில்லை. குரல் இடப்பக்கம் போனது, எங்கோ ஒரு கால் இழுபட்ட சத்தம், குரல் தாழ்ந்தது, பிறகு எங்கள் பக்கமாக வந்தது, வந்து நின்றது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியபோது அவன் தன் பாதியில் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். தொட்டானா இல்லையா என்று நடுவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எதிரணியின் இடது கோடிக்காரன் யாரும் கேட்காமலே கையைத் தூக்கிவிட்டு வெளியே நடந்து போனான். நடுவர் என்னைப் பார்த்தார். ஒரு புள்ளி எழுதினேன்.